இருநூறு கிராம்

வாயைத் திறந்துவைத்துக்கொண்டு ஒருவரைச் சந்தேகப்படுவது கஷ்டமான வேலை. கேள்வி கேட்க முடியாது. புருவத்தை மட்டும்தான் தூக்க முடியும். தராசம்மா அன்று காலை பத்தரை மணிக்கு, பல் மருத்துவமனையின் சாய்வு நாற்காலியில் மல்லாந்தபடி புருவத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு... ரெண்டு... ஒண்ணு..." என்று பல் டாக்டர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற உதவிப் பெண் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தாள். டாக்டரின் கையில் முனை மழுங்கிய மெல்லிய கம்பி. அதில் மில்லிமீட்டர் கணக்குக்குக் கறுப்புக் கோடுகள். ஒவ்வொரு பல்லாக அளந்துகொண்டு வந்தவள், கீழ்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல்லுக்கு வந்ததும் நின்றாள். மறுபடி அளந்தாள்.

"நாலு," என்றாள்.

தராசம்மாவின் புருவம் இன்னும் ஒரு படி ஏறியது.

தராசம்மா என்பது அவளுடைய பெயர் இல்லை. எடை அளவைத் துறையில் இருபத்தாறு வருடமாக ஆய்வாளராக இருக்கிறாள். அவள் சந்தைக்குள் கால் வைத்தால் முதல் கடைக்காரர் இருமுவார். அந்த இருமல் கடைக்குக் கடை தாவி, அவள் மீன்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாத் தராசும் யோக்கியமாகிவிடும். அவர்கள் வைத்த பெயர்தான் அது. பிறகு வீட்டிலும் ஒட்டிக்கொண்டது.

பல் டாக்டர், அவளுடைய நாத்தனார். கணவரின் ஒரே தங்கை.

"எழுந்து வாயைக் கொப்பளிங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "அந்தக் கோரைப்பல்லுல ஈறு நல்லா இறங்கியிருக்கு. வேர் நாலு மில்லி வெளிய தெரியுது. போன வருஷம் மூணுதான்."

தராசம்மா கொப்பளித்துத் துப்பினாள். வாய் விடுதலையானதும் முதல் கேள்வி வந்தது.

"போன வருஷம் அளந்ததும் இதே கம்பியாலதானா?"

"இதே மாதிரி ஒண்ணு."

"இதே மாதிரியா, இதேதானா?"

"அண்ணி, இது பல்லு அளக்குற கம்பி. உருளைக்கிழங்கு நிறுக்குற தராசு இல்ல."

"அளக்குறது எதுவா இருந்தாலும் சோதிக்கணும். இதைக் கடைசியா எப்போ சோதிச்சது?"

உதவிப் பெண் முகமூடிக்குள் சிரித்தது அவள் கண்ணில் தெரிந்தது. நாத்தனார் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"நீங்க ரொம்ப அழுத்தித் தேய்க்கிறீங்க. ஈறு அதனாலதான் இறங்குது. வலது கைக்காரங்களுக்கு முதல்ல அடி வாங்குறது இடப்பக்கக் கோரைப்பல்லுதான். நூத்தைம்பது கிராம் அழுத்தினா போதும் அண்ணி. இருநூறைத் தாண்டக் கூடாது."

கிராம் கணக்கை எனக்கே சொல்கிறாள், என்று தராசம்மா நினைத்தாள்.

"நான் மெதுவாத்தான் தேய்க்கிறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி அளப்பேன். நாலு நாலாவே இருந்தா பொழச்சோம். அஞ்சு ஆச்சுன்னா, மேல அண்ணத்துலருந்து தசையை எடுத்து அங்க ஒட்டுப்போடணும். அது புடிக்கலன்னா பல்லு ஆட ஆரம்பிக்கும். அப்புறம் எடுக்குறதைத் தவிர வேற வழியில்ல."

"அதுக்கு?"

"எலக்ட்ரிக் பிரஷ் ஒண்ணு வாங்குங்க. அழுத்தினா சிவப்பு விளக்கு எரியற மாதிரி. அந்த விளக்கு மட்டும் கட்டாயம். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

தராசம்மா மெதுவாகக் கழுத்தைத் திருப்பினாள். நாத்தனாரின் தோளுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி ஒரு கண்ணாடி அலமாரி. அதில் மூன்று தட்டு நிறைய எலக்ட்ரிக் பிரஷ் பெட்டிகள். உள்ளே சின்ன விளக்கு வேறு.

"ஓகோ," என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நாக்கு அந்தப் பல்லையே தடவிக்கொண்டு வந்தது. பயம் இல்லாமல் இல்லை. அவளுடைய அப்பாவுக்கு இதே ஐம்பத்திரண்டு வயதில்தான் பற்கள் போகத் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு பக்கத்தில் ஒன்று. கடைசியில் கட்டிய பல்செட்டு, அவர் பேசும்போதெல்லாம் 'டக் டக்' என்று தாளம் போடும். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை; வீட்டுக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். தராசம்மாவுக்குத் தொழிலே பேச்சுதான். சந்தை நடுவில் நின்று, 'தட்டை எடுங்க, கீழ என்ன இருக்குன்னு பாக்கணும்' என்று சொல்லும்போது வாய்க்குள் தாளம் கேட்டால் எந்தக் கடைக்காரன் தட்டை எடுப்பான்? கோரைப்பல் போனால் அத்தோடு நிற்காது என்பது அவளுக்குத் தெரியும். பல் வேண்டும். ஆனால் அதற்காக ஏமாறவும் முடியாது.

அவளுடைய கணவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். கையில் கொடுத்த தாளை, அதில் இருப்பதை இருக்கிறபடி, கணீரென்று வாசிப்பது அவர் வேலை. வண்டி நாற்பது நிமிடம் தாமதம் என்று தாளில் இருந்தால் அது நாற்பது நிமிடம்தான். ஏன், எப்படி என்று கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. இருபத்திரண்டு வருட இல்வாழ்க்கை ஓடிவந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

"அவ சொன்னா வாங்கிட வேண்டியதுதானேம்மா?" என்றார், காலணியைக் கழற்றிக்கொண்டே.

"உங்க தங்கச்சி விக்கிற சாமானை உங்க தங்கச்சியே நல்லதுன்னு சொன்னா அதுக்குப் பேரு என்ன?"

"அறிவிப்பு."

"வியாபாரம்! நமக்குக் கல்யாணமான புதுசுல ஒரு வாஷிங் மெஷினை வாங்க வச்சாளே, ஞாபகம் இருக்கா? 'அண்ணி, கண்ணை மூடிட்டு வாங்குங்க'ன்னா. கண்ணை மூடிட்டு வாங்கினோம். துணியைப் போட்டா பட்டன் தனியா, சட்டை தனியா வந்துச்சு. அப்புறம்தானே தெரிஞ்சது, கடைக்காரர் அவ சிநேகிதியோட அப்பான்னு."

"அப்போ அவளுக்குப் பத்தொம்பது வயசு."

"புத்திக்கு வயசு கிடையாதுங்க."

கணவர் அந்த வாஷிங் மெஷின் ஏழு வருடம் ஓடியதை நினைவுபடுத்த வாயெடுத்து, பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

சந்தேகம் வந்தால் புலம்பிக்கொண்டிருப்பது தராசம்மாவின் வழக்கமில்லை. அதற்கென்று துறையில் ஒரு முறை இருக்கிறது. சோதனைக் கொள்முதல் என்பார்கள். ஆய்வாளர் நேரில் போகமாட்டார். முன்பின் தெரியாத ஒருவரைச் சாதாரண வாடிக்கையாளர்போல அனுப்பி ஒரு கிலோ வாங்கிவரச் சொல்லி, பிறகு நிறுத்துப் பார்ப்பார். நூறு கிராம் குறைந்தால்கூட மாட்டினார் கடைக்காரர்.

இதற்குப் பொருத்தமான ஆள் கணவருடைய ரயில் நிலையத்திலேயே இருந்தார். டிக்கெட் பரிசோதகர். முப்பத்திரண்டு பல்லும் விளம்பரத்துக்கு எடுத்துப் போடலாம். அப்படிப்பட்ட வாய்க்கும் எலக்ட்ரிக் பிரஷ் வேண்டும் என்று நாத்தனார் சொன்னால், குட்டு வெளிப்பட்டுவிடும். தராசம்மா அவரை வீட்டுக்கு அழைத்து, உட்காரவைத்து, அரை மணி நேரம் பாடம் நடத்தினாள். உறவு தெரியக் கூடாது. அலமாரிப் பக்கம் பார்வை போகவேண்டும், ஆனால் ரொம்பப் போகக் கூடாது. பில் கேட்டு வாங்க வேண்டும்.

மறுநாள் மாலை டிக்கெட் பரிசோதகர் வந்து சேர்ந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"'உங்க பல்லுக்கு என்ன குறைச்சல், இப்பத் தேய்க்கிற பிரஷ்ஷே போதும், காசை வீணாக்காதீங்க'ன்னுட்டாங்க அம்மா."

தராசம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "அலமாரியைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். 'அதுல ஒண்ணு குடுங்களேன்'னு வாய்விட்டே கேட்டேன். 'வேணாங்க, உங்களுக்கு அவசியமில்ல'ன்னாங்க. ரொம்பத் தங்கமானவங்க."

"உங்களை அபிப்பிராயம் கேக்கல. பில் வாங்கினீங்களா?"

"வாங்கினேனே. உள்ள போனதுமே கேட்டேன்."

"உள்ள போனதுமேவா?"

"உக்காந்ததும் கேட்டேன். வாயைத் திறக்கச் சொன்னாங்க, 'முதல்ல பில்லு'ன்னேன். நீங்கதானே பில்லு முக்கியம்னீங்க?"

தராசம்மா நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். பல்லைக் காட்டுவதற்கு முன்னால் பில் கேட்கும் நோயாளி உலகத்தில் உண்டா? நாத்தனார் மோப்பம் பிடித்திருப்பாள். பிடித்துவிட்டுத்தான் 'காசை வீணாக்காதீங்க' என்று நல்லபிள்ளை வேஷம் போட்டிருக்கிறாள். ஆக, கொள்முதல் கெட்டுப்போயிற்று. துறைச் சட்டப்படி கெட்டுப்போன சோதனை எதையும் நிரூபிக்காது, யாரையும் விடுவிக்கவும் விடுவிக்காது.

"நான் கிளம்பட்டுமா அம்மா?" என்றார் டிக்கெட் பரிசோதகர்.

"கிளம்புங்க. வாயை மூடிக்கிட்டே கிளம்புங்க."

அந்தச் சனிக்கிழமை அவளே கடைத்தெருவுக்குப் போனாள். வாங்குவதாக இருந்தாலும் நாத்தனாரின் அலமாரியில் வாங்குவதில்லை என்பது மட்டும் முடிவாகியிருந்தது. மூன்று மாதத்தில் இரண்டு வாரம் போய்விட்டது. நாக்கு சும்மா இருக்கவில்லை. பல்லின் அடியில் இருந்த அந்தச் சின்னப் பள்ளத்தை நாளுக்கு முப்பது தடவை அளந்துகொண்டிருந்தது.

மின்சாதனக் கடையின் இரண்டாம் மாடியில், தலைமுடி உலர்த்திகளுக்கும் சவரக் கருவிகளுக்கும் நடுவே ஒரு முழு சுவர் எலக்ட்ரிக் பிரஷ்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. விற்பனையாளன் கழுத்தில் அட்டை தொங்க ஓடிவந்தான்.

"சொல்லுங்க மேடம், யாருக்கு? உங்களுக்கா, குழந்தைங்களுக்கா?"

"சும்மா பாக்க வந்தேன்," என்றாள் தராசம்மா. எந்தக் கடையிலும் அவளுடைய முதல் வாக்கியம் இதுதான்.

"தாராளமா பாருங்க. இதுல ரெண்டு ஜாதி இருக்கு. இந்த வட்டத் தலை சுத்திச் சுத்தித் தேய்க்கும். நீளத் தலை அதிரும். நிமிஷத்துக்கு நாப்பதாயிரம் அதிர்வு மேடம்!"

"யாரு எண்ணினது?"

"மேடம்?"

"நாப்பதாயிரத்தை யாரு எண்ணினது? காத்துல பிடிச்சுக்கிட்டு எண்ணினாங்களா, பல்லு மேல வச்சு எண்ணினாங்களா?"

விற்பனையாளன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். பெட்டி அவனுக்கு உதவவில்லை. "கம்பெனியில எண்ணியிருப்பாங்க," என்றான்.

தராசம்மா கைப்பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தாள். பெட்டியின் முன்பக்கத்தில் கட்டைவிரல் அகல எழுத்தில் 'பத்து மடங்கு சுத்தம்'. பின்பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் 'வரை' என்ற ஒரு சொல். அவள் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்து விற்பனையாளனுக்குக் காட்டினாள்.

"பத்து மடங்கு வரை. அப்படின்னா ஒரு மடங்கா இருந்தாலும் கம்பெனி பொய் சொல்லல. அப்படித்தானே?"

"மேடம், நீங்க வக்கீலா?"

"இது என்ன, போன் படம் போட்டிருக்கு?"

அவன் முகம் மலர்ந்தது. "அதுதான் மேடம் டாப் மாடல். நீங்க தேய்க்கத் தேய்க்க எந்தப் பல்லை விட்டீங்கன்னு உங்க போன்ல படம் வரும். எத்தனை மணிக்குத் தேய்ச்சீங்க, எவ்வளவு நேரம் தேய்ச்சீங்க, எல்லாம் கம்பெனியில பதிவாகிடும்."

"என் வாய்க்குள்ள என்ன நடக்குதுன்னு கம்பெனிக்கு எதுக்கு?"

அதற்கும் பெட்டியில் பதில் இல்லை.

ஒன்றேகால் மணி நேரத்தில் அந்தச் சுவர் பாதியாகக் குறைந்தது. போனோடு பேசுவது வேண்டாம். ஐந்து விதமாகத் தேய்ப்பது வேண்டாம். பல் ஒரே விதமாகத்தான் இருக்கிறது. பயணப் பெட்டி வேண்டாம். முப்பது விநாடிக்கு ஒருமுறை அதிர்ந்து இடம் மாற்றச் சொல்வது பரவாயில்லை. இரண்டு நிமிடம் ஆனால் நிற்பது சரி. மாற்றுத் தலை எல்லாக் கடையிலும் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கைப்பிடியை விற்றவன் காலத்துக்கும் அவள் கழுத்தைப் பிடித்துக்கொள்வான். விளக்கு இருக்க வேண்டும். கடைசியில் மிஞ்சியது ஒன்று: வட்டத் தலை, வெள்ளைக் கைப்பிடி, பொத்தான் ஒன்று, கழுத்தில் ஒரு வளையம். அழுத்தினால் அந்த வளையம் சிவக்கும். மலிவானதற்கு மேலே ஒரு படி, அவ்வளவுதான்.

"இதே மாடல் பல் ஆஸ்பத்திரியிலயும் விக்கிறாங்களா?"

"எல்லா டாக்டரும் இதைத்தான் மேடம் சொல்றாங்க."

தராசம்மாவின் கை பாதியில் நின்றது. எல்லா டாக்டரும் ஒரே பொருளைச் சொன்னால் அது நல்ல பொருளாக இருக்கலாம், அல்லது எல்லா டாக்டருக்கும் நல்லதாக இருக்கலாம். இருந்தாலும் வாங்கினாள். பல்லை நினைத்து வாங்கினாள்.

ஞாயிறு காலை குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் பொத்தானை அழுத்தினாள். தேனீக் கூட்டம் ஒன்று கைக்குள் புகுந்தது போல இருந்தது. பல்லில் வைத்தாள். வளையம் சிவந்தது. எடுத்தாள், அணைந்தது. வைத்தாள், சிவந்தது. இரண்டு நிமிடமும் அது சிவந்தபடியே இருந்தது.

"பொய் விளக்கு," என்று வாயில் நுரையோடு அறிவித்தாள்.

திங்கள்கிழமையே கடைக்குப் போய்ச் சண்டை போட்டு மாற்றிக்கொண்டு வந்தாள். விற்பனையாளன் பிரஷ்ஷைத் தன் கட்டைவிரல் நகத்தில் வைத்து ஓட்டிக் காட்டினான், விளக்கு எரியவில்லை. "நீங்க வச்சுப் பாருங்க மேடம்," என்றான். அவள் தன் நகத்தில் வைத்தாள், எரிந்தது. "மேடம், நீங்க அழுத்துறீங்க," என்றான். சொல்லிக்கொடுத்த பாடம் போல நாத்தனார் சொன்ன அதே வாக்கியம். இவனுக்கும் அவளுக்கும் தொடர்பு இருக்குமோ என்றுகூட ஒரு கணம் ஓடியது. மாற்றி வாங்கிய பிரஷ்ஷும் வீட்டுக்கு வந்து சிவந்தது.

ஒரு வாரத்தில் அவளுடைய சந்தேகம் முழு உருவம் எடுத்துவிட்டது. அதைச் சாப்பாட்டு மேசையில் கணவரிடம் விளக்கினாள்.

"விளக்கை வேணும்னே சீக்கிரம் எரியற மாதிரி வச்சிருக்காங்க. நூறு கிராமுக்கே எரியுதுன்னு வைங்க. ஜனங்க பயந்துபோய் தொட்டும் தொடாம தேய்ப்பாங்க. அழுக்கு போகாது. அழுக்கு போகலன்னா டாக்டர்கிட்ட போவாங்க. டாக்டர், பிரஷ், டாக்டர். வட்டம் எப்படி சுத்துது பாத்தீங்களா?"

"வட்டத் தலைதானே வாங்கினே?" என்றார் கணவர்.

"நான் சோதிக்கப் போறேன்."

அலுவலகத் தராசைச் சொந்த வேலைக்குத் தொடமாட்டாள், அது கொள்கை. ஆனால் சமையலறையில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு இருந்தது. அது வீட்டுக்கு வந்த அன்றே துறையின் பித்தளை எடைக்கற்களோடு ஒப்பிட்டு, எப்போதும் ஒரு கிராம் கூடக் காட்டும் என்று அடியில் சீட்டு ஒட்டி வைத்திருந்தாள். தராசின் தட்டில் ஈரத்துணியை மடித்துப் போட்டாள். பூஜ்யம் ஆக்கினாள். பிரஷ்ஷை ஓடவிட்டு, தலையைத் துணிமேல் வைத்து, வளையம் சிவக்கும்வரை மெல்ல மெல்லக் கீழே அழுத்தினாள். சிவந்தது. எண்ணைப் பார்த்தாள்.

இருநூற்று முப்பத்திரண்டு.

பத்து தடவை செய்தாள். இருநூற்று முப்பதுக்குக் குறைந்து ஒரு தடவைகூட எரியவில்லை. இருநூற்று நாற்பதைத் தாண்டி ஒரு தடவைகூட எரியாமல் இருக்கவில்லை. நாத்தனார் சொன்ன கணக்குக்கு மேலேயே முப்பது கிராம் பொறுத்துப் போகிற விளக்கு. சந்தையில் இத்தனை ஒழுங்கான கருவியை அவள் பார்த்து வருடக்கணக்காகிறது.

வட்டம் உடைந்துவிட்டது. உடைந்த இடத்தில் ஒரு கேள்வி நின்றது. அது அவளுக்குப் பிடிக்காத கேள்வி. ஆனால் சோதனை என்று இறங்கினால் பிடித்ததை மட்டும் சோதிக்க முடியாது.

"என்னங்க," என்று கூப்பிட்டாள். "இங்க வாங்க. இந்தத் தராசுல வர்ற எண்ணை வாசிங்க. நான் கண்ணை மூடிக்கிறேன். எண்ணைப் பாத்தா கை பொய் சொல்லும்."

இருபது வருடமாகத் தேய்த்த அதே ரகத்து சாதாரண பிரஷ்ஷை எடுத்தாள். கண்ணை மூடி, தினமும் பல்லில் தேய்ப்பதுபோலத் துணியில் முன்னும் பின்னும் தேய்த்தாள்.

கணவர் தொண்டையைச் செருமினார். "பயணிகள் கவனத்திற்கு. அறுநூற்றுப் பத்து."

"விளையாடாதீங்க. நிஜ எண்ணைச் சொல்லுங்க."

"அறுநூத்து இருபது. இப்போ ஐந்நூத்தி தொண்ணூறு. இதோ, மறுபடி அறுநூத்துப் பத்து, ரெண்டாவது நடைமேடையில."

தராசம்மா கண்ணைத் திறந்து தராசைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். "அண்ணனும் தங்கச்சியும் கூட்டு சேந்துட்டீங்களா?"

போனை எடுத்துத் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்துவைத்து, தராசின் எண் தெரியும்படி படம் பிடிக்கவிட்டாள். கண்ணை மூடித் தேய்த்தாள். இந்தத் தடவை வேண்டுமென்றே மெதுவாக. போட்டுப் பார்த்தாள். நானூற்று எண்பது.

"நீங்க தேயுங்க," என்றாள்.

கணவர் பிரஷ்ஷை இரண்டு விரலால் பேனா பிடிப்பதுபோலப் பிடித்துத் தேய்த்தார். நூற்று நாற்பது. அதோடு விட்டிருக்கலாம், "நான் எதையும் அழுத்திச் சொல்றதே இல்லையே," என்றார்.

தராசம்மா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவிரலின் முதல் கணுவில் பேனா அழுந்தி அழுந்திக் காய்த்த தடம். வழக்குப் பதிவை எப்போதும் கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எழுத வேண்டும்: ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று கோர்ட்டுக்கு. மூன்றாம் பிரதி மங்கினால் வழக்கு தள்ளுபடி. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அப்படி இரண்டு வழக்கு தள்ளுபடியாயின. அதற்குப் பிறகு அவள் எழுதிய எதுவும் மங்கியதில்லை. பேனா, தராசில் முத்திரை குத்தும் குறடு, பிரஷ், எல்லாவற்றையும் மூன்று தாளுக்கும் சேர்த்தே அழுத்தியிருக்கிறாள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எத்தனையோ வருடத்துக்கு முன்பு மீன்கடைக்காரர் ஒருவரைத் தட்டின் ஓரத்தில் கட்டைவிரலோடு பிடித்தாள். "தெரியாம பட்டுடுச்சும்மா, பழக்கத்துல வந்துடுது," என்றார் அவர். "கைக்குத் தெரியாம கை எப்படி அழுத்தும்?" என்று கேட்டு, அபராதத்தை எழுதிக் கொடுத்தாள். மூன்று பிரதி.

அவர் சொன்னது உண்மை என்று இப்போதும் அவள் நம்பவில்லை. ஆனால் பொய் என்று நிச்சயமாகச் சொல்லவும் முடியவில்லை.

மறுநாளிலிருந்து பழகினாள். எளிதாக இல்லை. மெதுவாகத் தேய் என்று கைக்குச் சொன்னால் கை கேட்கும், பாதியில் மறந்துவிடும், வளையம் சிவக்கும். நான்காம் நாள் அவளுக்கு வேறு யோசனை வந்தது. எடைக்கல் பெட்டியில் கடைசி வரிசையில் மில்லிகிராம் தகடுகள் உண்டு. நகத்தைவிட மெல்லியவை. விரலால் தொட்டால் விரலின் எண்ணெயே எடையைக் கூட்டிவிடும் என்பதால் இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். கொஞ்சம் இறுக்கினால் தெறித்துப் போகும், தளர்த்தினால் நழுவும். இருபத்தாறு வருடத்தில் ஒரு தகடுகூட அவள் கையிலிருந்து தெறித்ததில்லை. பிரஷ்ஷை அந்த இடுக்கி என்று நினைத்துப் பிடித்தாள். வளையம் சிவக்கவில்லை. இரண்டு நிமிடம் முடிந்து அது தானாக நின்றபோது, நின்றதை நம்பாமல் பொத்தானை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

அலுவலகத்தில் மட்டும் ஒரு சிக்கல். "என்ன மேடம், இந்த மாசம் மூணாவது காப்பி எதுவுமே தெரியல?" என்று எழுத்தர் தாள்களை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கை இடுக்கி எது, பேனா எது என்று குழம்பியிருந்தது. எல்லாவற்றையும் மறுபடி எழுதிக் கொடுத்தாள்.

மூன்று மாதம் முடிந்த அன்று காலை தராசம்மா பல் மருத்துவமனை நாற்காலியில் சாய்ந்தாள். கண்ணாடியில் தினமும் பார்த்தவள்தான். ஆனால் கண் ஒரு அளவுகோல் இல்லை.

"ஒண்ணு... ரெண்டு... ரெண்டு..." நாத்தனாரின் கம்பி நெருங்கி வந்தது. கோரைப்பல்லில் நின்றது. உதவிப் பெண்ணின் பேனாவும் நின்றது.

"நாலு."

தராசம்மா ஒரு விரலைத் தூக்கினாள். இன்னொரு தடவை என்று அர்த்தம். நாத்தனார் அளந்தாள்.

"நாலேதான் அண்ணி. ஒரு இம்மி இறங்கல. ஈறு சிவப்பும் போயிருக்கு. ஒட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். இப்படியே தேயுங்க."

தராசம்மா எழுந்து உட்கார்ந்தாள். கொப்பளித்தாள். அவள் கேட்பதற்கு முன்பே நாத்தனார் ஒரு சின்னத் தட்டில் வெள்ளைத் துணி விரித்து, சுத்தம் செய்த அந்தக் கம்பியை வைத்து நீட்டினாள்.

"இந்தாங்க. உங்க பையில ஸ்கேல் இருக்கும்னு எனக்குத் தெரியும்."

இருந்தது. எஃகு அளவுகோலும் உருப்பெருக்கியும். தராசம்மா கூச்சப்படவில்லை. கோடு கோடாகப் பொருத்திப் பார்த்தாள். ஐந்து நிமிடம் ஆயிற்று. வெளியே அடுத்த நோயாளி இருமினார்.

"அந்த டிக்கெட் பரிசோதகர் சௌக்கியமா?" என்று கேட்டாள் நாத்தனார்.

உருப்பெருக்கி அசையவில்லை. "எந்த டிக்கெட் பரிசோதகர்?"

"வாயைத் திறக்கச் சொன்னா பில்லைக் கேட்டாரே, அவர்தான். இத்தனை வருஷத்துல அப்படி ஒரு பேஷன்ட் வந்ததே இல்ல. சட்டைப் பையில எங்க அண்ணன் ஸ்டேஷன் பேட்ஜ் வேற."

தராசம்மா உருப்பெருக்கியைக் கீழே வைத்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்திருந்த கேள்வி வெளியே வந்துவிட்டது. "நான் அனுப்பின ஆளுன்னு தெரிஞ்சுதான் பிரஷ் வேணாம்னு சொன்னியா?"

"அவரு ஈறு கல்லு மாதிரி இருக்கு அண்ணி. யாரு அனுப்பியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

இதைச் சோதிக்க வழி இல்லை. எந்தக் கல்லை எதிர்த்தட்டில் வைத்தாலும் இதை நிறுக்க முடியாது. தராசம்மா நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், முகமூடி அழுத்திய கோடு. பத்தொன்பது வயதில் 'கண்ணை மூடிட்டு வாங்குங்க' என்று சொன்ன அதே முகம், கொஞ்சம் வயதானது. வாஷிங் மெஷின் ஏழு வருடம் ஓடியது என்பதும் அந்த நேரத்தில்தான் தோன்றித் தொலைத்தது.

கம்பியைத் தட்டில் திருப்பி வைத்தாள்.

"சரியா இருக்கு," என்றாள்.

இந்த இரண்டு சொல்லை அண்ணி வாயிலிருந்து நாத்தனார் கேட்டதே இல்லை. அண்ணனும் கேட்டிருக்கமாட்டார்.

வெளியே வரும்போது உதவிப் பெண், பிரஷ் தலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று நினைவுபடுத்தினாள். தராசம்மா கண்ணாடி அலமாரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதைத் திறந்து, மாற்றுத் தலைப் பெட்டி ஒன்றை எடுத்து, பின்பக்கம் திருப்பி, கீழ்ப்பக்கம் திருப்பி, தயாரித்த மாதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது ஒண்ணு குடுங்க. பில்லோட."

உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "பல்லைக் காட்டின அப்புறம் கேக்குறீங்களே அண்ணி, அதுவரைக்கும் சந்தோஷம்!"